மெழுகிய தரை

அக்காவின் வாயைப் பற்றித்தான் நாங்கள் எல்லோரும் பயந்தோம். அவள் கையைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

என் அக்கா கண்ணாத்தாள் தென்னவெளிப் பண்ணையில் பிறந்தவள். அதே பண்ணையில் வாழ்க்கைப்பட்டு, அதே பண்ணையின் நடவு வயலில் புருசனைப் பாம்புக்குக் கொடுத்தவள். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற ரோட்டை விட்டு கோரையாற்றுப் பக்கம் இறங்கினால் எங்கள் ஊர் வரும். இறங்குகிற இடத்தில் முதல் குடிசை அக்காவுடையது. அதைத் தாண்டினால் எங்கள் தெரு. எல்லாக் குடிசைகளும் பண்ணையின் இடத்தில் நின்றவைதான். பண்ணை போ என்று சொன்னால் கூரையைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். போகிற ஊரிலும் ஒரு பண்ணை இருக்கும், அவர் இடத்தில்தான் கம்பு ஊன்ற வேண்டும்.

அந்த நேரத்தில்தான் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. விவசாயக் கூலி எந்த மனையில் குடியிருக்கிறானோ அந்த மனை அவனுக்கே சொந்தம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. செங்கொடிச் சங்கத்தின் சாமிதுரை அண்ணன் சைக்கிளில் வந்து இதைத் தெருவில் நின்று சொன்னபோது ஒருத்தரும் கை தட்டவில்லை.

"ஏண்டா, எல்லாருக்கும் காது அடைச்சுப் போச்சா?" என்று அவர் கத்தினார்.

"சொந்தம்னா என்னாண்ணே?" என்று கேட்டேன் நான்.

"சொந்தம்னா சொந்தம். ஒன் மனை."

"அப்ப ஆண்டைக்கு?"

"ஆண்டைக்கு ஆத்துக்கு இந்தாண்டையும் இருக்கு, அந்தாண்டையும் இருக்கு. நீ காலை நீட்டிப் படுக்கிற எடத்தை மட்டும் ஒனக்கு வுட்டுருக்காங்க. நீட்டிப் படு. மடக்கிக்காத."

அப்போதுதான் சிரித்தோம்.

எங்கள் ஆண்டை துரைக்கண்ணு, பழைய ஆண்டை மாதிரி இல்லை. அவருடைய அப்பா காலம் வேறு. அவர் வரப்பில் எங்கள் தெருப்பக்கம் வருகிறார் என்று தெரிந்தால் பெண்டுகள் முதலில் செய்கிற வேலை, சோற்றுப் பானை, மீன் சட்டி, கஞ்சிக் கலயம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லைப்பக்கம் வேலிக்குள் மறைப்பதுதான். எங்கள் பானை அவர் கண்ணில் பட்டால் அவர் தலை முழுக வேண்டும். முழுகினால் கோபம் வரும். கோபம் வந்தால் ஆள் வரும், தடி வரும், பானை உடையும். மண் பானை உடைந்தால் அன்றைக்குக் கஞ்சி இல்லை. ஆகவே ஆள் வருகிற சத்தம் காதில் விழுந்தால் எங்கள் பெண்டுகளின் கை தானாகப் பானைக்குப் போகும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்தது கிடையாது. பிள்ளைகள் நடக்கப் பழகுகிற மாதிரி அதுவும் வந்துவிடும்.

துரைக்கண்ணு பானை உடைக்கிறவர் இல்லை. தஞ்சாவூரில் காலேஜ் படித்தவர், ஆளுங்கட்சியில் பெரிய கை. கூடத்தில் தலைவர்களின் படம் வரிசையாக மாட்டியிருப்பார். மகள் கல்யாணத்தை ஐயர் வைக்காமல், மந்திரம் சொல்லாமல், மேடை போட்டு மைக் வைத்து நடத்தினார். மனிதனை மனிதன் மதிக்க வேண்டும் என்று பட்டணத்திலிருந்து வந்தவர்கள் பேசினார்கள். நாங்களும் தூரத்தில் நின்று கை தட்டினோம். எங்களுக்கும் சோறு போட்டார்கள். பந்தலில் இல்லை, களத்தில்.

அந்த மேடையில் துரைக்கண்ணு ஒன்று சொன்னார். "என்னை இனிமே யாரும் ஆண்டைன்னு கூப்பிடாதீங்க. அண்ணேன்னு கூப்பிடுங்க." அதை நம்பி எங்கள் தெருப் பையன் ஒருத்தன் அடுத்த அறுப்பில் "அண்ணே, கூலிய அளந்துட்டாப் போயிருவோம்" என்றான். பக்கத்தில் நின்ற பண்ணைக் காரியக்காரர் அவனைக் கன்னத்தில் அறைந்தார். துரைக்கண்ணுக்கு மெய்யாகவே வருத்தம். "அவன் புரியாம அடிச்சிட்டான்டா" என்று பையனைக் கூப்பிட்டுப் புதுத் துண்டு ஒன்று கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் அண்ணே என்று கூப்பிடவில்லை. அவரும் ஞாபகப்படுத்தவில்லை.

சட்டம் வந்ததும் அவர் ஒன்றும் முரண்டு பிடிக்கவில்லை. எங்கள் தெரு மொத்தத்துக்கும் ஆட்சேபனை இல்லை என்று சொல்லிவிட்டார். கட்சி கொண்டுவந்த சட்டம், கட்சிக்காரனே மறுத்தால் எப்படி? ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் மறுப்புக் கொடுத்தார். ரோட்டோரம் நிற்கிற முதல் குடிசை. அது வீடு இல்லை, பண்ணையின் மாட்டுக்கொட்டகை. கண்ணாத்தாள் தன் தம்பி முருகையன், அதாவது என், வீட்டில்தான் குடியிருக்கிறாள். அங்கே பகலில் வந்து உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். இப்படி எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த இடத்தில் ரைஸ் மில் கட்ட அவருக்கு ஆசை. லாரி திரும்ப ரோட்டோரம் வேண்டும்.

மாட்டுக்கொட்டகையா, குடியிருக்கிற வீடா? தாசில்தார் நேரில் வந்து பார்த்துச் சொல்வார் என்று தகவல் வந்தது. அக்காவுக்கு அது மாசக்கணக்காகத் தூக்கத்தைக் கெடுத்த விசயம். மகள் பொன்னுத்தாய் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளை இந்த வீட்டில்தான் விழ வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். பொன்னுத்தாயை அவள் பெற்றதும் இந்தக் கூரைக்குக் கீழேதான், மச்சான் இராஜாங்கத்தைக் கிடத்தியிருந்ததும் இங்கேதான்.

தாசில்தார் முன்னால் அக்கா வாய் திறந்து பேச வேண்டும். அதற்குத்தான் சாமிதுரை அண்ணன் பழக்கினார். சாயங்காலம் கவிழ்த்துப் போட்ட உரலின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்.

"நான்தான் தாசில்தாரு. என்னம்மா, இது யாரு வூடு?"

"ஆண்டை பாத்துக் குடுத்ததுங்க, சாமி."

அவர் துண்டை அவிழ்த்து உதறினார். "போச்சு. மில்லு வந்தாச்சு. ஒம் மவ நெல்லு அவிக்கிற அண்டாவுலதான் புள்ள பெக்கணும்."

பொன்னுத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யம்மா, 'என் வூடு'ன்னு சொல்லேன். அது வாயில வராதா ஒனக்கு?"

"வருதுடி. வந்து தொண்டையிலேயே குந்திக்கிது."

"சாமின்னும் சொல்லாத. அவரு தாசில்தாரு."

"சரிங்க, தாசில்தாரு சாமி."

"ஆண்டவனே!" என்று சாமிதுரை அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். கடவுள் இல்லை என்கிற ஆள் அவர். அதற்கும் ஒரு சிரிப்பு.

ஆனால் அக்கா விடவில்லை. அறுப்பில் குனிந்திருக்கும்போது அரிவாளோடு சேர்த்து வாயும் ஓடும். "என் வூடுங்க. வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து இங்கதாங்க இருக்கேன்." பக்கத்து நிரையில் அறுக்கிற ராமாயி, "ஒன் வூடுதாண்டி ஆத்தா, நான் கேக்கவே இல்ல" என்பாள். கட்டு கட்டும்போதும் சொன்னாள், களத்துக்குத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் சொன்னாள். கடைசியில் ஒருநாள் சாமிதுரை அண்ணன் துண்டு கட்டுவதற்கு முன்னாலேயே, "என் வூடுங்க" என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு, தானே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

தாசில்தார் வருகிற நாளுக்கு முந்தின நாள் தலையாரி சிங்காரவேலு தெரு முனையில் நின்று சத்தம் கொடுத்தார். "நாளைக்கு எசமான் வர்றாரு, கண்ணாத்தா. வூட்டுக்குள்ள வந்து பாப்பாராம்."

"உள்ளயா?" என்றாள் அக்கா.

"உள்ளதான்."

அவர் சொன்னது அவ்வளவுதான். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. அவரும் எங்கள் தெருவுக்குள் கால் வைத்தவர் இல்லை. காரியக்காரர் வைத்ததில்லை, கணக்கப்பிள்ளை வைத்ததில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்கூட கொடிமரத்தடியிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சேரிக் குடிசைக்குள் குனிந்து நுழையப்போகிற முதல் பெரிய மனிதர் தாசில்தார்தான்.

மறுநாள் அவர் ஜீப்பில் வந்தார். நேரே துரைக்கண்ணு வீட்டுக்குப் போனார். அங்கேதான் சாப்பாடு. அதிகாரி வந்தால் பண்ணை வீட்டில் சாப்பிடுவது வழக்கம், வேறு எங்கே சாப்பிடுவார்? நானும் சாமிதுரை அண்ணனும் அந்த வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் காத்துக் கிடந்தோம். உள்ளே இலை போடுகிற சத்தமும் சிரிப்பும் கேட்டன. அப்புறம் எல்லோரும் கிளம்பினார்கள். தாசில்தார், துரைக்கண்ணு, கணக்கப்பிள்ளை, தலையாரி. பின்னால் நாங்கள் இருவரும் நடந்தோம்.

தாசில்தார் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சின்ன வயசு, கண்ணாடி போட்டவர், பட்டணத்துப் பேச்சு. அக்கா வாசலைவிட்டு விலகி வேலியோரம் வெளுத்த சேலையில் நின்றாள். அவர் அவளைப் பார்த்து, "நீங்கதான் கண்ணாத்தாளாம்மா? ஏன் அங்க நிக்கிறீங்க, பக்கத்துல வாங்க" என்றார். எங்களை வாங்க, போங்க என்று பேசுகிற அதிகாரியை அன்றைக்குத்தான் பார்த்தேன். தெருவே வந்து கூடிவிட்டது.

"இது யாரு வீடும்மா?"

துரைக்கண்ணு பக்கத்திலேயே நின்றார்.

"என் வூடுங்க" என்றாள் அக்கா. "வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து இங்கதாங்க இருக்கேன். எம் புருசனக் கெடத்துனதும் இங்கதாங்க. எம் மவளப் பெத்ததும் இங்கதாங்க." சாமி என்று சொல்லவில்லை. ஆண்டை என்று சொல்லவில்லை. சாமிதுரை அண்ணன் என் கையைப் பிடித்து நெரித்தார்.

"சரிம்மா. உள்ள பாக்கலாமா?"

"வாங்க" என்றாள் அக்கா. ஒரு பெரிய மனிதரைத் தன் வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டாள்.

தாசில்தார் வாசலில் குனிந்தார். குனிந்தவர் பின்னுக்கு வந்தார். தரையைப் பார்த்துவிட்டுத் தன் காலைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போனார். என் ஆயுசில் சேரிக் குடிசைக்கு வெளியே செருப்பைக் கழற்றிய அதிகாரி அவர் ஒருத்தர்தான். அக்கா என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

நாங்களும் வாசலில் எட்டிப் பார்த்தோம்.

உள்ளே ஒன்றுமே இல்லை.

தரை பளபளவென்று மெழுகியிருந்தது. செம்மண் கரை கட்டி, ஓரத்தில் மாக்கோலம் இழுத்திருந்தாள். சுவரில் புதுச் சாணிப் பூச்சு. கூரையில் தொங்கிய ஒட்டடையும் கரியும் துடைத்து எடுத்திருந்தது. பானை இல்லை, பாய் இல்லை, துணி போடுகிற கொடிக்கயிறு இல்லை, மச்சானின் பழைய மண்வெட்டி இல்லை. அடுப்பு இருந்த மூலையில் அடுப்பு இல்லை. அங்கேயும் வழவழவென்று தரைதான்.

"அடுப்பு எங்கம்மா?" என்று கேட்டார் தாசில்தார்.

"எடுத்துட்டேங்க."

"எங்க எடுத்தீங்க?"

"இடிச்சுக் கரைச்சு மெழுகிட்டேங்க. கரி புடிச்சு அசிங்கமாக் கெடந்துச்சு. நீங்க உள்ள வர்றீங்கன்னு சொன்னாங்க."

"பாத்திரம் பண்டமெல்லாம்?"

அக்கா சிரித்த முகமாகத்தான் சொன்னாள். "அதெல்லாம் எச்சிப் பானைங்க. ஒங்க கண்ணுல படலாங்களா?"



துரைக்கண்ணுவே இதை எதிர்பார்க்கவில்லை. இங்கே மாடு கட்டினோம் என்று சொல்ல ஆள் தயார் பண்ணி வைத்திருந்தவர் அவர். வெறும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பாவமாகக்கூட பார்த்தாரோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். பிறகு மெதுவாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான்தான் சொன்னேனே, சார். கொட்டகை."

"சார்!" என்று சாமிதுரை அண்ணன் முன்னால் பாய்ந்தார். "நீங்க வர்றீங்கன்னு மரியாதைக்கு எடுத்து வச்சிருக்கு சார் இந்தப் பொம்பள. கொல்லையில வந்து பாருங்க."

"மரியாதைக்கு அடுப்ப இடிப்பாங்களா?" என்று தாசில்தார் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. மெய்யாகவே தெரியாமல் கேட்டார்.

"இவங்க பானைய மேல்தெருவுல யாரும் பாக்கக் கூடாது சார். பாத்தா ஒடைப்பாங்க. இவரோட அப்பாவே ஒடைச்சிருக்காரு."

"எங்கப்பா ஒடைச்சாரு" என்றார் துரைக்கண்ணு. "நான் இல்லேங்கல. அது எங்கப்பா காலம். இப்ப நடக்கிறது யாரு ஆட்சி? நான் யாரு கட்சி? சார் இப்பத்தான் நம்ம வீட்ல சாப்பிட்டாங்க. கூடத்துல யாரு படம் இருக்குன்னு பாத்தாங்க. அந்தப் படத்துக்குக் கீழ நின்னுகிட்டு நான் சாதி பாப்பேனா? கேக்கட்டும், ஊர்ல எவனையும் கேக்கட்டும்."

தாசில்தார் தலையசைத்தார். சாமிதுரை அண்ணனிடம் திரும்பி, "அதெல்லாம் இப்ப இல்லையேப்பா" என்றார். சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்.

சட்டத்தைச் சென்னையில் உட்கார்ந்து எழுதியவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். அவர்களில் ஒருத்தருக்காவது, அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் பானைகள் எங்கே போகும் என்று தெரிந்திருக்குமா?

கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டது. பொன்னுத்தாய் வந்துகொண்டிருந்தாள். நிறைமாதத்துக்காரி, ஒரு கையில் கரிப்பானை, இன்னொரு கையில் சுருட்டிய பாய். இடுப்பில் கலயம் சாய்ந்து கஞ்சி சேலையில் வழிந்தது. மூச்சு வாங்கியது. "இந்தா இருக்கு பாருங்க... எங்க பானை... நேத்திக்கு ஆக்குன கஞ்சி கூட இருக்கு பாருங்க..."

துரைக்கண்ணு சிரித்துவிட்டார். "இப்பத்தான் சார் குடித்தனம் வருது."

கணக்கப்பிள்ளை சிரித்தார். தலையாரியும் சிரித்தார், சிரிக்க வேண்டுமே என்று. அக்கா அப்போதும் புரியாமல், "உள்ள கொண்டாராதடி, எச்சிப் பானைய! எசமான் நிக்கிறாங்க!" என்று மகளை அதட்டி, இரண்டு கையாலும் மறித்தாள். பொன்னுத்தாய் பானையோடு வாசலில் நின்றுவிட்டாள்.

தாசில்தார் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "இந்தம்மா இங்கதான் குடியிருக்காங்களா? யாராவது சொல்லுங்க."

"இங்கதாங்க" என்றேன் நான்.

"நீங்க யாரு?"

"தம்பிங்க."

"சொந்தக்காரங்க வேணாம். சங்கத்துக்காரங்களும் வேணாம். வேற யாராவது சொல்லுங்க."

தெருவே நின்றது. அக்காவோடு ஒரே நிரையில் அறுத்த ராமாயி நின்றாள். அக்கா வீட்டு அடுப்பில் நெருப்பு வாங்கிப்போன பெண்கள் எல்லோரும் நின்றார்கள். அவரவர் மனைக்குத் துரைக்கண்ணு ஆட்சேபனை இல்லை என்று சொல்லியிருந்தார். பட்டா இன்னும் கைக்கு வரவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் மனையும் அதில் ஒன்று. அக்கா என் கூடப்பிறந்தவளாக இல்லாமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

தாசில்தார் செருப்பை மாட்டிக்கொண்டார். போகிறபோது அக்காவிடம் நின்று, "வீட்ட ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடு என்றுதான் சொன்னார்.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். ஜீப் கிளம்பின பிறகு என்னிடம் வந்து, "செருப்பைக் கழட்டிட்டு வந்தாருடா, பாத்தியா?" என்றாள். சாமிதுரை அண்ணன் வேலியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். "ஏன் இந்த அண்ணன் இப்பிடிக் குந்தியிருக்கு? நான் சரியாத்தான சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்ன, ஆத்தா" என்றார் அவர். "சரியாச் சொன்ன."

உத்தரவு வந்தது. பின்னாளில் சங்கத்துக் கொட்டகையில் நான் எழுத்துக் கூட்டப் பழகியபோது, அதைக் கேட்டு வாங்கிப் படித்தேன். நேரில் பார்வையிட்டபோது அடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை ஏதும் காணப்படவில்லை. தரை புதிதாக மெழுகப்பட்டிருந்தது. ஆய்வின்போது சில பாத்திரங்கள் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டன. குடியிருப்புக்கான அடையாளம் இல்லை. விரலை வைத்து வைத்துப் படித்தேன், அதில் ஒரு பொய்கூட இல்லை.

சாமிதுரை அண்ணன் மேல்முறையீடு என்று மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் அலைந்தார். போன இடத்தில் எல்லாம் அவரை உட்காரச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

கூரையைப் பிரிக்க வந்த அன்றைக்குப் போலீஸ்காரர்கள் இருவர் ரோட்டில் நின்றார்கள். கலவரம் ஒன்றும் நடக்கவில்லை. துரைக்கண்ணு ஆட்கள் கீற்றையெல்லாம் பதமாகப் பிரித்து அடுக்கி அக்காவிடமே கொடுத்துவிட்டார்கள். மூங்கிலும் ஒரு கட்டுக் கொடுத்தார் துரைக்கண்ணு. "கஷ்டப்பட வேணாம். வேற எங்கயாச்சும் போட்டுக்க" என்றார். அக்கா அதற்கும் கும்பிட்டாள். கும்பிட்ட பிறகு கையைப் பிரித்துத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் வூட்டுக்கு வா" என்றேன். "புள்ள பெத்து எழும்புற வரைக்குமாச்சும் ரெண்டு பேரும் வாங்க."

"வர மாட்டேன்டா."

"ஏன்?"

"ஒன் வூட்ல வந்து படுத்தேன்னா அவரு எழுதிக் குடுத்தது நெசமாயிரும்டா. தம்பி வூட்லதான் இருக்கான்னு."

வாய்க்கால் கரைப் புறம்போக்கில், கருவேல மரங்களுக்கு நடுவில், அக்கா கம்பு ஊன்றினாள். சுவர் எழுப்பவில்லை. கூரையில் பாதி கீற்று ஏறியிருந்தபோது பொன்னுத்தாய்க்கு வலி கண்டது. ராமாயியும் நாலைந்து பெண்களும் சேலையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். ராமாயி அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவும் அவளைப் பார்க்கவில்லை. குழந்தை வாய்க்கால் கரையில், அரைக் கூரைக்குக் கீழே, வெறும் மண்ணில் விழுந்தது. பெண் குழந்தை.

அந்த வருசமே மில் வந்தது. கட்சிக்காரர்கள் வந்து ரிப்பன் வெட்டினார்கள். உழைப்பவனுக்கே உலகம் என்று ஒருத்தர் மைக்கில் பேசினார். அக்காவின் அடுப்பு இருந்த மூலையில், ஏறத்தாழ அதே இடத்தில், நெல் அவிக்கிற பெரிய அடுப்பைக் கட்டினார்கள். ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்குக்கூட அது எரிவது தெரியும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் பட்டா வந்தது. எனக்கும் வந்தது.

அதற்குப் பிறகு அக்கா தரை மெழுகவே இல்லை.

எங்கள் தெருவிலேயே சுத்தக்காரி என்று பெயர் வாங்கியவள் அவள். அடுப்பைத் தூக்கி வாசலில் வைத்துக்கொண்டாள். பானைகளைக் கழுவாமல் வரிசையாக வெளியே அடுக்கிவைத்தாள். சாம்பலை அள்ளி வெளியே கொட்ட மாட்டாள். அது அடுப்பைச் சுற்றிக் குவிந்து, காற்றில் பறந்து, பிள்ளையின் தலையிலும் சோற்றிலும் விழும். பொன்னுத்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்துவாள்.

"யம்மா, அள்ளித்தான் கொட்டேன்! புள்ள ராவும் பகலும் இருமுது."

"கெடக்கட்டும்டி."

"எதுக்குக் கெடக்கணும்?"

"எவனாச்சும் வந்து பாத்தா தெரியட்டும். இங்க மனுசி இருக்கான்னு."

"எவன் வர்றான் இங்க?"

அக்கா குனிந்து அடுப்பை ஊதுவாள். வருகிற போகிறவர்கள் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். பைத்தியம் எதுவும் இல்லை. அறுப்புக்கு வருவாள், சரியாக வேலை செய்வாள், கூலி அளக்கும்போது மரக்காலில் கண் வைத்திருப்பாள். வீட்டில் மட்டும் அப்படி. சாம்பல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது.

பிள்ளை தவழ்ந்து திரிகிற காலத்தில் ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன். வாய்க்காலில் முறைத்தண்ணீர் வந்து கரை நனைந்திருந்தது. நான் கருவேல முள்ளை வெட்டி வேலி அடைத்துக்கொண்டிருந்தேன். பொன்னுத்தாய் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டினாள். அக்கா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். கரைமேல் ஜீப் சத்தம் கேட்டது. சர்க்கார் ஜீப். எங்கள் பக்கம்தான் வந்தது. வந்து, எங்களுக்கு நேரே நின்றது.

பொன்னுத்தாய் எழுந்துவிட்டாள். "யம்மா" என்றாள். நானும் அரிவாளைக் கீழே போட்டேன். புறம்போக்கில் இருப்பவர்களைக் கணக்கெடுக்கிறார்கள் என்று சாமிதுரை அண்ணன் சொல்லியிருந்தார். வந்துவிட்டார்கள், இந்தத் தடவை அடுப்பையும் சாம்பலையும் பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

ஜீப்புக்குள்ளிருந்து ஒருத்தர் தலையை நீட்டினார்.

அக்கா எழுந்து நின்றாள். எழுகிறபோதே அவள் கை அடுப்பிலிருந்த கரிப்பானையைப் பிடித்து, சூடு என்றும் பார்க்காமல், தன் சேலைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டது. இன்னொரு கை தரையில் கிடந்த சட்டியைக் காலுக்குப் பின்னால் தள்ளியது. பிள்ளையின் கையில் இருந்த கலயத்தையும் பிடுங்கிக்கொண்டது. முகம் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கைகள் என்ன செய்கின்றன என்று அந்த முகத்துக்குத் தெரியவில்லை.

நான் பார்த்தேன். பொன்னுத்தாயும் பார்த்தாள். கலயம் போனதற்குப் பிள்ளை அழ ஆரம்பித்தது.

"இந்தாம்மா" என்றார் ஜீப்பில் இருந்தவர். "சேர்மன் துரைக்கண்ணு வீட்டுக்கு எப்பிடிப் போகணும்?"

"நேராப் போங்க, சாமி" என்றாள் அக்கா. "மில்லு வரும். அங்கேர்ந்து பீச்சாங்கைப் பக்கம் திரும்புனா வீடு தெரியுங்க."